பழகிய பெயர்கள்

பெகு ஆஸ்பத்திரியில்
டாக்டர் எய் ம்யா தாளை நீட்டி
படிக்கத் தெரியுமா என்றார் பர்மியில்.
இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது.
ஆனால் வரிசையாய் நின்ற பதினொரு பெயரில்
ஏழை முகம் பார்த்தே அடையாளம் கண்டேன்,
சந்தைக் கூட்டத்தில் தூரத்து உறவைக் காண்பதுபோல.

இது மஞ்சள் தூள், கரைத்தால் தேநீர் நிறம்.
இது சின்ன வெள்ளைப் பொட்டலம்,
மேலே ஒரு குஞ்சு சிரித்துக்கொண்டிருக்கும்.
இது கசக்கும். குடிக்க மாட்டேன் என்று முரண்டும் குஞ்சுகளை
வெல்லம் போட்டு ஏமாற்றுவேன்.

ஏழுக்கும் நேரே ஒரே எழுத்து.
"ஆர்" என்றார். "இனி இவரிடம் பலிக்காது.
உங்கள் கணவர் இதையெல்லாம் முன்பு சாப்பிட்டிருக்கிறாரா?"

இல்லை, சயாமா.
மாத்திரை என்றாலே தொண்டையில் நிற்கும் அந்த மனுஷனுக்கு.
சாப்பிட்டவை எங்கள் கோழிகள்.

அவர் பேனாவை மூடினார்.

குளத்தின் மேல் மூங்கில் கால்களில் நிற்கிறது கொட்டகை.
மேலே ஆயிரத்து இருநூறு கோழி, கீழே ரோகு மீன்.
மேலிருந்து விழுவதைக் கீழே தின்னும்,
மீன் தீவனச் செலவு பாதி.
கணக்குப் போட்டுக் காட்டியவன் கோ ஸா லின்.
எங்கள் பக்கத்தில் தீவனமும் அவன், மருந்தும் அவன், கடனும் அவன்.
"நோய் வந்தபின் கொடுப்பவன் முட்டாள் அக்கா,
வருமுன் கொடு."
வருமுன் காப்பது தப்பென்று எந்தப் பாட்டிலும் இல்லையே.

அரியமுத்து இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்தார்.
முழங்காலில் மூங்கில் சிராய் ஏறியது.
வெற்றிலையை மென்று அப்பினார், மறந்தார்.
ஒன்பதாம் நாள் கால் பூசணிக்காய்.

ஆய்வறையில் ஒரு வட்டத் தட்டைக் காட்டினார்கள்.
அவர் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்தது.
நடுநடுவே மருந்து தோய்த்த பொட்டுகள்.
பொட்டைச் சுற்றி வெறும் இடம் தெரிய வேண்டுமாம்,
நிலா கோட்டை கட்டும் இரவின் வளையம்போல.
இங்கே கோட்டையே இல்லை.
பொட்டின் விளிம்பு மட்டும் வந்து
படலம் சாவகாசமாய்ப் படுத்திருந்தது.

"ஒரு கிருமி கற்றதை இன்னொன்றுக்குக் கொடுக்கும்.
கோழியிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து மனுஷனுக்கு.
திரும்பியும் போகும்,
உன் கையிலிருந்து குஞ்சின் அலகுக்கு.
கைமாற்றுதான்."

வட்டியில்லாக் கைமாற்று!
மூன்று தலைமுறையாய் இந்த நாட்டில்
எங்களுக்கு எவரும் தராதது.

பதினோராம் பெயருக்கு மட்டும் வேறு எழுத்து.
அந்த முகம் எனக்குப் புதிது.
டாக்டர் இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார்,
நாக்கில் புரண்டு விழுந்தது.
ரங்கூனில் கிடைக்கும். நாளைக்கு மூன்று ஊசி, பத்து நாள்.
விலையைக் கோழியாக மாற்றிப் பார்த்தேன்:
அறுநூற்றுப் பத்து.

இரவே லாரி வந்தது.
கால்களைப் பிடித்துத் தலைகீழாய்க் கூடைக்குள்,
ஒவ்வொன்றும் என் முழங்கையில் சூடாய் ஏதோ விட்டுப் போனது.
ஹ்லெகு, ரங்கூன், எந்தெந்தச் சந்தையோ.
எத்தனை அரிவாள்மனை, எத்தனை அடுப்படி,
எந்தப் பிள்ளையின் வாய்க்குப் போகும் எந்தக் கை.
டிரைவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னால் வாங்குவானா?
பணத்தை எண்ணினேன். எச்சில் தொட்டுத்தான் எண்ணினேன்.

ஊசி இறங்குகிறது. வீக்கம் கணுக்காலில் வடிகிறது,
அல்லது வடிவதாக நினைக்கிறேன்.
மிச்சக் கோழிகளுக்கு நான்கு நாளாய் வெறும் தண்ணீர்.
இன்று காலை இரண்டு தலை சாய்ந்தன,
மத்தியானம் ஐந்து.

கரண்ட் போன நேரம் போன் அடித்தது.
"புதுச் சரக்கு அக்கா, பழசைவிட பலம்.
பேர்..." சொன்னான் கோ ஸா லின்.

இருட்டில் தாளை விரித்து
விரலால் கடைசி வரியைத் தேடிக்கொண்டு,
இன்னொரு தரம் சொல்லு தம்பி என்றேன்,
மெதுவாக.